நாக்கை நீட்டுமுன் மருந்துப் பையை நீட்டுங்கள்: அக்குபங்சர் கேள்வி – பதில்

அக்குபங்சர் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ‘வலிக்குமா’ என்றுதான் தொடங்குகின்றன. அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் ஊசி போடுபவரிடம் நாம் என்னவெல்லாம் சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு. பதில்களில் அதுதான் அதிக இடம் பிடித்துக்கொண்டது.

முழங்கால் வலியைத் தைலமும் மாத்திரையுமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வயது 61. மகள் சின்சேயிடம் (சீன மருத்துவரிடம்) ஊசி போட்டுப் பார்க்கச் சொல்கிறாள். உள்ளே போனால் என்னதான் செய்வார்கள்?
– வாசகி, பிடோக்

முதல் தடவைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அதில் ஊசி உடம்பில் இருப்பது 20 முதல் 30 நிமிடம்தான். மீதி பெரும்பாலும் விசாரிப்பு. வலி படியேறும்போதா இறங்கும்போதா என்பதோடு தூக்கம், பசி, மலம், வியர்வை என்று முழங்காலுக்குச் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் கேள்விகளும் வரும். பிறகு இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். நாக்கின் நிறமும் அதன்மேல் படிந்திருக்கும் மாவும் சீன மருத்துவத்தில் முக்கியமான தடயங்கள். அதனால் அன்று காலை மட்டும் நாக்கு வழிக்க வேண்டாம். கோப்பி, வெற்றிலை, மஞ்சள் தூக்கலான குழம்பு எல்லாம் ஊசிக்குப் பிறகு. வெற்றிலைச் சிவப்பை அவர் உடம்புச் சூடு என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது.

முட்டிக்கு மேல் சுருட்டக்கூடிய தொளதொளப்பான கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மெட்டியையும் கொலுசையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். முழங்கால் வலிக்குப் பாதத்திலும் ஊசி வைப்பார்கள். தலைவலி, பக்கவாதம் போன்றவற்றுக்குத் தலையில் வைப்பதுண்டு. அதற்குப் போகிறவர்கள் எண்ணெய் தேய்க்காமல் போக வேண்டும். பெண் மருத்துவர்தான் வேண்டுமென்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். படுக்கையில் ஏறுமுன் கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள், கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வையுங்கள். கையில் ஊசி இருக்கும்போது மணி அடித்தால் கை தானாகவே நீளும். அந்த ஓர் அசைவில் ஊசி வளைந்துவிடும்.

ஊசி போடுமுன் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். அவர் கையைக் கழுவ வேண்டும் அல்லது கிருமிநாசினி தேய்க்க வேண்டும். ஊசி போடும் இடத்தை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, அது காயும்வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும், கிருமியும் முழுதாகச் சாகாது. ஊசி உறையை உங்கள் கண்முன் கிழிக்க வேண்டும். அதன்மேல் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். உடம்புக்குள் போகும் பகுதியை வெறும் விரலால் தொடக்கூடாது. பத்து ஊசி உள்ள உறையில் ஏழுதான் செலவானது என்றால், மிச்சம் மூன்றும் குப்பைக்குத்தான் போக வேண்டும். திறந்த தட்டில் அடுத்தவருக்காகக் காத்திருந்தால், அந்த மருந்தகத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

ஊசி போட்டபின் சிவப்பு ஒளி வீசும் வெப்ப விளக்கைக் காலுக்கு நேரே வைக்கலாம். ஊசிகளில் கம்பி மாட்டி லேசான மின்துடிப்பும் கொடுக்கலாம். துடிப்பைச் சிறுகச் சிறுகத்தான் கூட்டுவார்கள், சுளீரென்று இழுத்தால் உடனே சொல்லுங்கள். அவர் அறையை விட்டுப் போகுமுன் அழைப்பு மணி உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடம் தைப்பூசத்துக்கு அலகு குத்திக்கொண்டவன் நான். ஆனாலும் மருந்தகத்தில் ஊசியைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எவ்வளவு வலிக்கும்?
– வாசகர், ஈசூன்

அலகோடு ஒப்பிட்டால் இது முடி. இரத்தம் எடுக்கும் ஊசியின் தடிமன் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர், உள்ளே துளையும் உண்டு. அக்குபங்சர் ஊசி பெரும்பாலும் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர்தான், துளையில்லாத கம்பி. சிறு பிளாஸ்டிக் குழாய் வழியாக விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். தோலைத் தாண்டும்போது எறும்பு கடித்தது போல இருக்கும், சில சமயம் அதுவும் தெரியாது.

அதன்பின் ஊசியை மெல்லத் திருகும்போது வரும் உணர்வு வேறு. உளைச்சல், மதமதப்பு, கனம், உள்ளிருந்து உப்புவது போன்ற ஓர் அழுத்தம். சீன மருத்துவர்கள் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ‘சுவான்?’ என்று கேட்டால் உளைகிறதா என்று அர்த்தம். ‘மா’ மரத்துப்போவது, ‘ஜாங்’ உப்புவது. நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய சொல் ‘தோங்’, அதாவது வலி. கூர்மையான வலி, எரிச்சல், மின்சாரம் பாய்ந்தது போல விரல் நுனிவரை ஓடுவது ஆகிய மூன்றும் சகித்துக்கொள்ள வேண்டியவை அல்ல. ஊசி நரம்பிலோ இரத்தக்குழாயிலோ பட்டிருக்கலாம், சற்று வெளியே இழுத்தால் சரியாகிவிடும். வேண்டுதல்போல் பல்லைக் கடித்துப் பொறுப்பதற்கு இங்கே வேலையில்லை.

உங்களுக்கு உள்ள அபாயம் வலியல்ல, மயக்கம். முதல் தடவை, இளம் வயது, பதற்றம், வெறும் வயிறு, உட்கார்ந்தபடி ஊசி: இவை சேர்ந்தால் எவ்வளவு திடகாத்திரமானவரும் சாய்ந்துவிடுவார். ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு முன் இட்லியோ ரொட்டியோ சாப்பிட்டுவிட்டு, படுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளுங்கள். குறைந்த ஊசிகளோடு தொடங்கச் சொல்லுங்கள். சஷ்டி விரதம், புரட்டாசிச் சனி, நோன்பு நாள் என்றால் வேறு நாளுக்கு மாற்றலாம். கண் இருட்டுவது, குளிர்ந்த வியர்வை, குமட்டல் தொடங்கியதுமே குரல் கொடுங்கள். எல்லா ஊசிகளையும் எடுத்துவிட்டு, கால்களை உயர்த்திப் படுக்கவைத்து, தெளிந்ததும் வெதுவெதுப்பாக ஏதாவது இனிப்பாகக் குடிக்கக் கொடுப்பார்கள். சில நிமிடங்களில் சரியாகிவிடும்.

அவர் உண்மையில் படித்தவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுவரில் சீன எழுத்தில் ஏழெட்டுச் சான்றிதழ்கள் தொங்குகின்றன.
– வாசகர், தெம்பனிஸ்

சுவரைப் படிக்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டின் பாரம்பரிய சீன மருத்துவர்கள் சட்டப்படி, இங்கே சிங்கப்பூரில் அக்குபங்சர் செய்பவர் பாரம்பரிய சீன மருத்துவர்கள் வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், நடப்பிலுள்ள தொழில்புரியும் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். வாரியத்தின் இணையப் பதிவேட்டில் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டினால் போதும். பதிவில் இரண்டு வகை உண்டு: அக்குபங்சர் மட்டும் செய்பவர், மூலிகை மருந்தும் சேர்த்துத் தருபவர். ‘லீ சின்சே’ என்று மட்டும் தெரிந்தால் பதிவேட்டில் பெரிய பட்டாளமே வரும், முழுப் பெயரை முகப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். அழகு நிலையத்திலோ, உடம்புபிடி நிலையத்திலோ, யாருடைய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலோ ‘சும்மா ரெண்டு ஊசி’ போடுகிறேன் என்பவரிடம் கையைக் கொடுக்காதீர்கள்.

கணவருக்கு இதயத்தில் செயற்கை வால்வு, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். சர்க்கரையும் உண்டு, பாதம் மரத்துப்போகிறது. ஊசி போட்டால் அந்த மரமரப்பு குறையும் என்கிறார்கள். போகலாமா?
– வாசகி, சுவா சூ காங்

முதலில் அவருடைய இதய மருத்துவரைக் கேளுங்கள். அவர் சம்மதித்தாலும் பின்வருபவை எல்லாம் பொருந்தும்.

வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ஊசியே கூடாது என்பதில்லை. ஆனால் ஆழமான ஊசி கூடாது, எடுத்தபின் ஒவ்வொரு புள்ளியையும் பஞ்சால் இரண்டு நிமிடமாவது அழுத்த வேண்டும், தோலில் குவளை வைத்து உறிஞ்சி இரத்தம் எடுக்கும் கப்பிங் அறவே வேண்டாம். இரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு கடைசியாக என்ன என்பதைக் கையோடு கொண்டுபோங்கள். அளவு ஏறியிருக்கும் வாரத்தில் போகாதீர்கள். ஊசிக்காக வார்ஃபரினை ஒருநாள் நிறுத்துவது இதைவிடப் பெரிய தவறு. வால்வில் இரத்தம் உறைந்தால் பக்கவாதம் வரலாம். ஆஸ்பிரின், குளோபிடோகிரல், ரிவராக்சபான், அபிக்சபான் சாப்பிடுபவர்களும் இதே எச்சரிக்கைகளைப் பின்பற்றலாம்.

செயற்கை வால்வுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. காதில் குண்டூசி முனைபோல ஒன்றைப் பதித்து, மேலே ஒட்டுப் போட்டு, சில நாள் அப்படியே விட்டு அனுப்பும் முறை அவருக்கு ஒத்துவராது. தோலில் தங்கும் ஊசி வழியாகக் கிருமி இரத்தத்துக்குள் போனால், அது முதலில் தேடிப்போய் ஒட்டும் இடங்களில் ஒன்று அந்த வால்வு. மார்பில் பேஸ்மேக்கர் இருந்தால் மின்துடிப்பும் கூடாது.

அடுத்தது பாதம். மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. வெப்ப விளக்கு, மோக்ஸா என்னும் மூலிகைப் புகைச் சூடு, சூட்டுப் பை எதுவானாலும் அவர் சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே தோல் கொப்பளித்துவிடும். விளக்கு வைத்தால் நீங்கள் கூடவே உட்கார்ந்து, உங்கள் புறங்கையை அந்த இடத்தில் பிடித்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அவர் தோலையும் சுடும். பாதத்தில் புண், வெடிப்பு, நிறமாற்றம் இருந்தால் அங்கே ஊசி வைக்கவே விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும், அடுத்த நாளும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். இன்சுலின் போடுபவரானால் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி முன்பதிவு செய்யாதீர்கள். காத்திருக்கும் நேரத்தில் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால், கை நடுக்கத்தை ஊசிப் பயம் என்று எல்லோரும் நினைத்துவிடுவார்கள். மூன்று தேக்கரண்டி சீனி கலந்த தண்ணீர் பையில் இருக்கட்டும்.

இதையெல்லாம் மாண்டரினில் எப்படிச் சொல்வது என்று மலைக்க வேண்டாம். மருந்து உறைகளை அப்படியே பையோடு எடுத்துப்போங்கள், அல்லது ஹெல்த்ஹப் செயலியில் உள்ள மருந்துப் பட்டியலைத் திறந்து காட்டுங்கள். ஊசியோடு மூலிகைப் பொடியும் எழுதித் தந்தால் அங்கேயே நிறுத்துங்கள். டான்ஷென், டாங்குய் போன்ற சீன மூலிகைகள் வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு வரலாம்.

கழுத்துப் பிடிப்புக்குத் தோளில் ஊசி போட்டார்கள். அன்று மாலை மூச்சை இழுத்தால் ஒரு பக்கம் குத்தியது. மருந்தகத்துக்குப் போன் செய்தால் ‘கெட்டது வெளியேறுகிறது, தண்ணீர் குடியுங்கள்’ என்றார்கள். அப்படி உண்டா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

இல்லை. குத்தலோ மூச்சு வாங்குவதோ இன்னும் இருந்தால், இதைப் படித்து முடிக்குமுன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள். மூச்சுத் திணறினால் 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே, அழுத்தினால் ‘அப்பாடா’ என்று இருக்கும் உச்சிப் புள்ளிக்கு ஜியான்ஜிங் என்று பெயர். பிடிப்புக்கு மிகவும் விரும்பப்படும் புள்ளி அது. அதற்கு நேர் கீழே இருப்பது நுரையீரலின் நுனி. ஒல்லியானவருக்குத் தோலுக்கும் நுரையீரலுக்கும் இடையே 10 முதல் 20 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஊசியோ 25 அல்லது 40 மில்லிமீட்டர் நீளம். நேராக ஆழமாகப் போனால் நுரையீரல் உறையில் ஓட்டை விழும், காற்று கசிந்து மார்புக்கூட்டில் தேங்கும், நுரையீரல் சுருங்கும். அரிதாகவே நடப்பதுதான். நடந்தால் அறிகுறி உடனேயும் வரலாம், பல மணி நேரம் கழித்தும் வரலாம்: மூச்சோடு சேர்ந்த குத்தல், வறட்டு இருமல், படியேறினால் இரைப்பு. எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். சிறியதென்றால் கண்காணிப்பே போதும், பெரியதென்றால் குழாய் வைத்துக் காற்றை எடுப்பார்கள். மருத்துவரிடம் முதல் வாக்கியமே ‘இன்று தோளில் அக்குபங்சர் ஊசி போட்டேன்’ என்று இருக்கட்டும். அதைச் சொல்லாவிட்டால் தசைப்பிடிப்பு என்று வலிமாத்திரையோடு அனுப்பிவிடலாம். நுரையீரல் சரியாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை விமானப் பயணம் கூடாது.

இனி தோள், மேல்முதுகு, மார்பு ஆகிய இடங்களில் ஊசி போடும்போது தசையைக் கிள்ளித் தூக்கியோ, சாய்வாகவோ, மேலோட்டமாகவோ போடுகிறாரா என்று கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார். நீண்டநாள் புகைப்பவர், நுரையீரல் நோயுள்ளவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசி இருக்கும் இடத்தின்மேல் போர்வையோ கப்பிங் குவளையோ வைக்க விடாதீர்கள், அந்த அழுத்தத்தில் ஊசி இன்னும் உள்ளே இறங்கும்.

ஊசிக்குப்பின் வரும் சாதாரண உளைச்சல் ஓரிரு நாளில் அடங்கும். மூச்சு, காய்ச்சல், நாளுக்கு நாள் சிவந்து வீங்கும் புள்ளி ஆகிய மூன்றுக்கும் ‘கெட்டது வெளியேறுகிறது’ என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். வாரியத்திடம் நீங்கள் புகார் அளிக்கவும் முடியும்.

மூன்று மாதக் கர்ப்பம், ஓயாத குமட்டல். ஊசி போடலாமா?
– வாசகி, செங்காங்

ஊசி இல்லாமலே பார்க்கலாம். நெய்குவான் என்ற புள்ளியை நீங்களே கண்டுபிடிக்கலாம். உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டு மடிப்பை ஒட்டி மற்றக் கையின் மூன்று விரல்களைச் சேர்த்துவையுங்கள். மூன்றாவது விரல் முடியும் இடத்தில், இரண்டு நாண்களுக்கு நடுவே கட்டைவிரலால் இரண்டு, மூன்று நிமிடம் அழுத்துங்கள், பிறகு மற்றக் கை. பேருந்துக் குமட்டலுக்குக் கட்டும் பட்டைகளில் உள்ள குமிழ் அழுத்துவதும் இதே புள்ளியைத்தான். எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது, கெடுதல் இல்லை.

ஊசிக்குப் போவதானால் கர்ப்பம் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள ஹெகு, உள்கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலுள்ள சான்யின்ஜியாவ், அடிவயிறு, இடுப்பின் கீழ்ப்பகுதி ஆகியவற்றைப் பிரசவ காலம்வரை தவிர்ப்பது மரபு. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் அடர்த்தியாகப் போகிறது என்றால் புள்ளி தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஊரில் அண்ணியார் ஒரு ‘ஹீலரிடம்’ போகிறார். அவர் ஊசியே போடுவதில்லை, விரலால் ஓர் இடத்தைத் தொடுகிறார், எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறார். அண்ணி என்னையும் நிறுத்தச் சொல்கிறார். எனக்கு இரத்த அழுத்தமும் தைராய்டும்.
– வாசகி, தோ பாயோ

நிறுத்தாதீர்கள். தொடுவதால் எந்தக் கெடுதலும் வந்துவிடப் போவதில்லை, கெடுதல் முழுவதும் அந்த இரண்டாவது அறிவுரையில் இருக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுவது வெளியே தெரியாது. மாத்திரை விட்ட முதல் சில வாரம் உடம்பு இலேசாக இருப்பது போலக்கூடத் தோன்றும், அண்ணியாரின் நம்பிக்கைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். சில மருந்துகளைத் திடீரென்று விட்டால் அழுத்தம் எகிறவும் செய்யும். அளவைக் குறைப்பதோ நிறுத்துவதோ அளந்து பார்த்து, எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. அண்ணியாரிடம் வாதம் செய்து பயனில்லை. ஓர் இரத்த அழுத்தக் கருவியை வாங்கி ஊருக்கு அனுப்பிவையுங்கள்.

சின்சே தந்த எம்சியை (மருத்துவ விடுப்புச் சான்றிதழை) முதலாளி ஏற்க மறுக்கிறார். சரியா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

சட்டப்படி அவர் பக்கம்தான். வேலை நியமனச் சட்டத்தின்கீழ் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்புக்கு, மருத்துவப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற மருத்துவரோ, பல் மருத்துவப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற பல் மருத்துவரோ தந்த சான்றிதழ் வேண்டும். சீன மருத்துவர் தருவதை ஏற்பது முதலாளியின் விருப்பம். சில நிறுவனங்கள் ஏற்கின்றன, உங்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

எத்தனை தடவை போக வேண்டும்? 20 தடவைக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். பலன் நிச்சயமா?
– வாசகர், பொங்கோல்

நிச்சயம் என்பவரிடம் கட்டாதீர்கள். எது எதற்குக் கேட்கும் என்பதில் வல்லுநர்களே ஒத்துப்போவதில்லை. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமலிருக்க, சில மாத்திரைகள் பலனளிக்காதபோது 5 முதல் 8 வாரத்துக்குள் அதிகபட்சம் 10 தடவை அக்குபங்சர் செய்து பார்க்கலாம் என்கிறது பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு. அதே அமைப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு இதைத் தர வேண்டாம் என்று 2022இல் சொல்லியிருக்கிறது. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் சங்கமோ, முழங்கால் தேய்மானத்துக்குச் செய்து பார்க்கலாம் என்று 2019இல் நிபந்தனையோடு பரிந்துரைத்தது. பிடோக் வாசகியும் இதைக் கவனிக்கலாம்: ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் தொடைத் தசைக்கான உடற்பயிற்சியை விடாதீர்கள்.

வாரம் ஒன்று, இரண்டு என்று ஐந்தாறு தடவைக்கு ஒவ்வொன்றாகக் கட்டுங்கள். முதல் நாளே ஒரு தாளில் குறித்துவையுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, எத்தனை படி ஏற முடிகிறது, வாரம் எத்தனை வலிமாத்திரை. ஆறாவது தடவையிலும் அதே எண்கள் என்றால் மேலே போவதில் அர்த்தமில்லை. ஆலோசனை, ஊசி, மின்துடிப்பு, மூலிகை என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்த வலிக்கு நேரே ஊசிக்கு ஓடவும் வேண்டாம். முதுகுவலியோடு சிறுநீர் அடக்க முடியாமை அல்லது தொடையிடுக்கு மரத்துப்போதல், திடீரென்று வெடிப்பது போன்ற தலைவலி, வாய் கோணுதல், மார்புவலி எல்லாம் மருத்துவமனைக்கு உரியவை.

ஊசிக்குப் பின் குளிக்கலாமா, நீந்தலாமா? கப்பிங் தழும்பு எப்போது மறையும்?
– வாசகி, அங் மோ கியோ

குளியலுக்குச் சில மணி நேரம் பொறுங்கள், நீச்சல் மறுநாள். புள்ளிகளில் மஞ்சள், திருநீறு, தைலம் எதுவும் பூச வேண்டாம். கப்பிங் வட்டங்கள் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். கல்யாணத்துக்கு முதுகு தெரியும் ரவிக்கை என்றால் தேதியைப் பார்த்துப் போங்கள். முதல் தடவை சிலருக்குத் தூக்கம் அசத்தும், வண்டி ஓட்டுமுன் கால் மணி நேரம் உட்காருங்கள்.

வீட்டுக்கு வந்து தலை வாரும்போது சீப்பில் ஓர் ஊசி சிக்கியது. தூக்கிப் போட்டுவிட்டேன். ஏதாவது ஆகுமா?
– வாசகி, புக்கிட் பாத்தோக்

உங்களுக்கு ஒன்றும் ஆகாது, குப்பை அள்ளுபவர் கையில்தான் குத்தும். தலைமுடிக்குள்ளும் காதுக்குப் பின்னும் வைக்கும் ஊசி மறந்துபோவது எங்கும் நடக்கக்கூடியது. அதனால்தான் போடும்போதே எண்ணச் சொல்லுங்கள், எடுக்கும்போதும் எண்ணச் சொல்லுங்கள். அப்படியும் தப்பி வந்தால், வந்த திசையிலேயே நேராக இழுத்து எடுத்து, பஞ்சால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். ஊசியை மூடியுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் புட்டியில் போட்டு அடுத்த முறை மருந்தகத்திலேயே கொடுங்கள். அங்கே ஊசிகளுக்கென்றே தனிப் பெட்டி இருக்கும். ஊசி அசையவில்லை, பாதி ஒடிந்ததுபோல் தெரிகிறது என்றால் மட்டும் கை வைக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.